கருப்பாக இருந்தால் விஷமா? வயலிலும் வாசலிலும் உள்ள நச்சுச் செடிகளை அறிவோம்



திருவண்ணாமலையை ஒட்டியுள்ள வேங்கிக்கால் இன்று பாதி நகரம், பாதி கிராமம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கு அமைந்திருப்பதால் சுற்றிலும் வீட்டு மனைகள் பெருகியுள்ளன. வீட்டு வாசலில் அழகுச் செடிகள், பக்கத்து நிலத்தில் நெல், மணிலா, தீவனச் சோளம், ஏரிக்கரையிலும் வரப்பிலும் தானாக முளைத்த செடிகள் என எல்லாமே அருகருகே இருக்கின்றன. குழந்தைகளும் ஆடு மாடுகளும் இந்த எல்லா இடங்களுக்கும் போய் வருகின்றன. ஆகவே எந்தச் செடி ஆபத்தானது என்பதை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

"கருப்பாகப் பழுத்தால் விஷம்தானே?" என்று பலர் கேட்கிறார்கள். செல்போனில் வரும் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு, கொல்லையில் தானாக வளர்ந்த மணத்தக்காளியைப் பிடுங்கி எறிபவர்களும் உண்டு. அதே வீட்டு வாசலில் அரளி பூத்துக் குலுங்கும். அதை யாரும் சந்தேகிப்பதில்லை. நிறத்தை வைத்து விஷத்தை முடிவு செய்தால் நல்ல செடியை இழப்போம், கெட்ட செடியை வளர்ப்போம்.

நிறம் வேறு, நஞ்சு வேறு

நாவல் பழம், களாப்பழம், கத்தரிக்காய், கருப்புக் கவுனி அரிசி ஆகியவற்றின் கருமைக்கும் ஊதா நிறத்துக்கும் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. இது நஞ்சு அல்ல. செடிகளில் உள்ள நஞ்சுகள் வேறு வகை வேதிப்பொருட்கள். அவற்றில் பெரும்பாலானவை நிறமற்றவை. வெள்ளைப் பூவிலும் இருக்கும், மஞ்சள் பூவிலும் இருக்கும், பச்சை இலையிலும் இருக்கும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஊமத்தை. தண்டும் பூவும் கருநீலமாக இருக்கும் கரு ஊமத்தையைக் கண்டால் பயப்படுகிறோம். வெள்ளைப் பூ பூக்கும் ஊமத்தையை அந்த அளவுக்குப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இரண்டிலும் ஒரே நஞ்சுகள்தான் உள்ளன. அட்ரோபின், ஸ்கோபோலமைன், ஹையோசயமைன் ஆகிய மூன்றும் இலை, பூ, காய், விதை எல்லாவற்றிலும் உண்டு. இதைத் தின்றவருக்கு வாய் வறண்டு போகும், கண்ணின் பாப்பா விரியும், தோல் சிவந்து சூடாகும், இதயம் படபடக்கும், சிறுநீர் கழிக்க முடியாது, சம்பந்தமில்லாமல் பேசுவார், இல்லாததைப் பிடிக்கக் கையை நீட்டுவார். பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்குக் கூட்டிச் செல்லாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மணத்தக்காளியைப் பிடுங்க வேண்டாம்

ஐரோப்பாவில் பெல்லடோனா என்ற கொடிய நச்சுச் செடி உண்டு. அதன் பழமும் கருப்பாகப் பளபளக்கும். மணத்தக்காளிக்கும் இதற்கும் ஆங்கிலப் பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால்தான் குழப்பம் வருகிறது. பெல்லடோனா குளிர்ந்த பகுதிகளில் வளரும் செடி. நமது சமவெளியில் தானாக முளைப்பதில்லை.

வேறுபாட்டை எளிதாக அறியலாம். மணத்தக்காளியில் ஒரே காம்பிலிருந்து பல பழங்கள் குடை போலக் கொத்தாகத் தொங்கும். பழம் மிளகை விடச் சற்றுப் பெரியது. அதனால்தான் மிளகுத் தக்காளி என்றும் சொல்கிறோம். பூ சிறியது, வெள்ளை நிறம், நடுவில் மஞ்சள். பெல்லடோனாவில் பழம் தனித்தனியாகப் பெரிதாக இருக்கும். அதன் அடியில் நட்சத்திரம் போல விரிந்த பச்சை இதழ்கள் இருக்கும்.

மணத்தக்காளியிலும் ஒரு கவனம் தேவை. நன்கு பழுத்த பழத்தைச் சாப்பிடலாம், கீரையைச் சமைத்துச் சாப்பிடலாம். பச்சைக் காயில் சோலனின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கில் இருப்பதும் இதுவே. வற்றலுக்குப் பச்சைக் காயைப் பயன்படுத்தும்போது உப்பு மோரில் ஊறவைத்து, காயவைத்து, வறுத்து, அளவாகத்தான் சாப்பிடுகிறோம். குழந்தைகள் பச்சைக் காயைப் பறித்து மென்று தின்ன விடக் கூடாது. இங்கே கருப்பு பாதுகாப்பு, பச்சைதான் ஆபத்து என்பதைக் கவனியுங்கள்.

விளைபொருளில் கலக்கும் விதைகள்

வயலில் உள்ள நச்சுச் செடிகளால் வரும் பெரிய ஆபத்து அறுவடையில்தான் உள்ளது. நம் வயலில் கலந்த விதை யாரோ ஒருவர் வீட்டு உலைக்குப் போய்ச் சேரும்.

பிரம்மதண்டு: குடியோட்டிப் பூண்டு என்றும் சொல்வார்கள். சாம்பல் பூத்த முள் இலை, மஞ்சள் பூ, ஒடித்தால் மஞ்சள் பால். மானாவாரி நிலத்திலும் சாலையோரத்திலும் சாதாரணமாகக் காணலாம். இதன் விதை கருப்பாக, உருண்டையாக, கடுகு போலவே இருக்கும். 1998-ஆம் ஆண்டு டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்ததால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் 3,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். கால் வீக்கம், மூச்சுத் திணறல், இதயச் செயலிழப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். கடுகு, எள் பயிரிடுபவர்கள் பிரம்மதண்டு பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கி அகற்றுங்கள். கையுறை அணிந்து கொள்ளுங்கள்.

ஊமத்தை: இதன் விதை மிளகாய் விதையைப் போலத் தட்டையாக இருக்கும். 2019-இல் ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில் மக்களுக்கு வழங்கப்பட்ட ஊட்டச்சத்து மாவில் ஊமத்தை இனத்தில் காணப்படும் நஞ்சு கலந்திருந்தது. நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குச் சென்றார்கள். சிலர் உயிரிழந்தார்கள். சோளம், மக்காச்சோளம், சிறுதானியம், பயறு வகைகளை அறுவடை செய்யும் முன் வயலைச் சுற்றி வந்து ஊமத்தைச் செடிகளை அகற்றுங்கள். இயந்திர அறுவடை செய்பவர்களுக்கு இது மிக முக்கியம். கையால் அறுக்கும்போது கண்ணில் படும் முள் காய், இயந்திரத்துக்குத் தெரியாது.

குழந்தைகள் வாயில் போடும் விதைகள்

காட்டாமணக்கு: 2000-களின் தொடக்கத்தில் பயோடீசலுக்காகப் பல இடங்களில் நடப்பட்டது. வேலியாகவும் உள்ளது. காய் மஞ்சளாகிப் பிறகு கருத்து வெடிக்கும். உள்ளே இருக்கும் கருப்பு விதையின் பருப்பு நிலக்கடலை போலச் சுவையாக இருப்பதால் குழந்தைகள் கூட்டமாகச் சேர்ந்து தின்றுவிடுகிறார்கள். சற்று நேரத்தில் கடுமையான வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஏற்படும். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, விளையாட்டுத் திடல் அருகில் இந்தச் செடி இருக்கவே கூடாது.

குன்றிமணி: சிவப்பில் கருப்புப் பொட்டு வைத்த இந்த விதையைத் தட்டார்கள் எடைக்கல்லாகப் பயன்படுத்தினார்கள். முழு விதையை விழுங்கினால் தோல் கெட்டியாக இருப்பதால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலோ, மாலை கோக்க ஓட்டை போட்டிருந்தாலோ உள்ளிருக்கும் அப்ரின் என்ற கொடிய நஞ்சு வெளிப்படும். விழுங்கிய குழந்தை மென்றதா இல்லையா என்று நமக்குத் தெரியாது. ஆகவே எப்படி விழுங்கியிருந்தாலும் மருத்துவரிடம் காட்டுவதே சரி. கருப்பு, வெள்ளைக் குன்றிமணிகளும் உண்டு. எந்த நிறமானாலும் நஞ்சு ஒன்றே.

ஆமணக்கு: விதையில் ரிசின் என்ற நஞ்சு உள்ளது. முறையாகப் பிழிந்து காய்ச்சி எடுத்த விளக்கெண்ணெயில் இது இருப்பதில்லை, பிண்ணாக்கில் தங்கிவிடுகிறது. ஆமணக்குப் பிண்ணாக்கு நல்ல உரம், ஆனால் தீவனம் அல்ல. மணிலாப் பிண்ணாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் இதை வைக்க வேண்டாம். வயலில் இட்டால் மண்ணுடன் நன்கு கலந்து விடுங்கள். நாயும் ஆடும் மோப்பம் பிடித்து வந்து தின்னும்.

கோயில் பூக்களும் வாசல் செடிகளும்

அரளி: மாலைக்குத் தேவைப்படுவதால் நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு உள்ளது. சேலம் மாவட்டம் பனமரத்துப்பட்டி பகுதியில் வருமானம் தரும் பயிராகவே செய்கிறார்கள். பூ, இலை, குச்சி, வேர் அனைத்திலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு உள்ளது. காய்ந்த இலையிலும் நஞ்சு குறைவதில்லை. கேரளத்தில் இளம்பெண் ஒருவர் அரளி இலையை மென்றதால் இறந்ததாகச் செய்தி வெளியானதை அடுத்து, 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைத் தவிர்க்க முடிவு செய்தது.

அரளியை ஒழிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. பயிர் செய்பவர்கள் கவாத்து செய்த கிளைகளை மாடு கட்டும் இடத்தில் போடாதீர்கள், குழி தோண்டிப் புதையுங்கள். எரித்தால் அந்தப் புகையும் தீங்கானது. அரளிக் குச்சியில் எதையும் குத்திச் சுட வேண்டாம், பல் துலக்க வேண்டாம். கிரிவலப் பாதையிலும் கோயில்களிலும் கழித்த மாலைகளைப் புண்ணியம் என்று பசுவுக்குக் கொடுக்காதீர்கள். மாலையில் அரளி இருந்தால் அது பசுவின் உயிருக்கே ஆபத்து.

மஞ்சள் அரளி: பொன்னரளி என்றும் சொல்வார்கள். இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. பச்சையாக இருக்கும் காய் பழுத்ததும் கருத்துவிடும். இதன் விதை மிகக் கொடியது. பள்ளி மதில், பேருந்து நிறுத்தம், வீட்டு வேலி ஆகிய இடங்களில் இதற்குப் பதிலாகச் செம்பருத்தி, நந்தியாவட்டை, நொச்சி ஆகியவற்றை நடலாம்.

எருக்கு: விநாயகர் சதுர்த்திக்குப் பூப் பறிக்கும்போது பால் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். தொடக்கத்தில் வலி தெரியாமலும் இருக்கலாம். உடனே சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரம் விடாமல் கழுவி, கண் மருத்துவரிடம் காட்டுங்கள். தாய்ப்பால், எண்ணெய் எதையும் விட வேண்டாம்.

கருப்பு இலைச் சேம்பு: நர்சரிகளில் இப்போது கருமையான இலை கொண்ட சேம்பு வகைகளும் டைஃபன்பேகியாவும் அதிகம் விற்கின்றன. இவற்றில் ஊசி போன்ற நுண்ணிய ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. இலையைக் கடித்தால் நாக்கும் தொண்டையும் வீங்கி எரியும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இவற்றை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

செங்காந்தள்: தமிழ்நாட்டின் மாநில மலர். கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். திருப்பூர் மாவட்டம் மூலனூர், திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் பகுதிகளில் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். விதையிலும் கிழங்கிலும் உள்ள கோல்ச்சிசின் கீல்வாத மருந்துக்குப் பயன்படுகிறது, அதுவே கொடிய நஞ்சும் ஆகும். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. தின்ற உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று காத்திருப்பதுதான் உயிரைப் பறிக்கிறது. காட்டிலோ வேலியிலோ தோண்டிய, பெயர் தெரியாத கிழங்கைச் சமைக்காதீர்கள். விதைக்கிழங்கை வீட்டுக் காய்கறியோடு சேர்த்து வைக்காதீர்கள்.

கால்நடைகளுக்கு ஆபத்தான செடிகள்

தீவனச் சோளம்: மழை இல்லாமல் வாடி நின்ற சோளத்திலும், அறுத்த பின் தழையும் கரும்பச்சைத் துளிரிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் அதிகமாக இருக்கும். பசியோடு வந்த மாடு இதை மேய்ந்தால் சில நிமிடங்களிலேயே தள்ளாடி, மூச்சு வாங்கி, கீழே விழுந்து இறக்கலாம். பூக்கும் முன் சோளக் காட்டில் மாட்டை அவிழ்த்து விடாதீர்கள். பாதிப் பயிர் பூத்த பிறகு அறுத்துப் போடுவது பாதுகாப்பானது. மறுதாம்புத் தீவனச் சோளமான கோ எப்.எஸ். 29 ரகத்தை விதைத்த 65-ஆம் நாள் முதல் அறுவடையும், பிறகு 50 நாட்களுக்கு ஒருமுறையும் செய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால் அறுத்து வெயிலில் நன்கு உலர்த்தி, மற்ற தீவனத்தோடு கலந்து கொடுங்கள். மரவள்ளி இலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

உன்னிச்செடி: பல வண்ணப் பூவும் கருநீலப் பழமும் கொண்டது. ஜவ்வாது மலை அடிவாரம் போன்ற காட்டோர மேய்ச்சல் நிலங்களில் புதராக மண்டியிருக்கும். பசுந்தீவனம் இல்லாத கோடையிலும், புது இடத்திலிருந்து வாங்கி வந்த மாடுகளிலும் பாதிப்பு அதிகம். இலையில் உள்ள லாண்டாடீன் கல்லீரலைக் கெடுக்கும். மாடு தீவனம் எடுக்காது, கண் மஞ்சளாகும், வெள்ளைத் தோல் உள்ள இடங்கள் வெயில் பட்டு வெடித்து உரியும். இப்படிக் கண்டால் முதலில் மாட்டை நிழலில் கட்டிவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

நெய்வேலி காட்டாமணக்கு: ஏரி, குளக்கரைகளில் இளஞ்சிவப்புப் புனல் பூவோடு அடர்ந்து நிற்பது. ஒரு நாள் தின்றால் ஒன்றும் தெரியாது. ஆடு பழகிவிட்டால் மற்ற தழையை விட்டு இதையே தேடிப் போகும். வாரக்கணக்கில் தின்ற பிறகு உடல் மெலிந்து, தலை ஆடி, கால் பின்னும். அந்த நிலையில் குணமாக்குவது கடினம். ஏரிக்கரையில் மேய்ப்பவர்கள் ஆட்டின் வாய் எதில் இருக்கிறது என்று பாருங்கள்.

இலைக் கரைசல் தயாரிப்பவர்கள் கவனத்துக்கு

"ஆடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வரும் இலை, கசக்கும் இலை" என்று தேர்ந்தெடுத்துத்தான் ஐந்திலை, பத்திலைக் கரைசல் தயாரிக்கிறோம். எருக்கு, ஊமத்தை, காட்டாமணக்கு இவற்றில் அடக்கம். பூச்சியை விரட்டும் அதே நஞ்சு மனிதருக்கும் நஞ்சுதான். இயற்கையானது என்பதால் பாதுகாப்பானது என்று கருத வேண்டாம்.

• இடிக்கும்போதும் வடிகட்டும்போதும் கையுறை அணியுங்கள், கண்ணை மூடிக் காக்கும் கண்ணாடி போடுங்கள்.
• சமையல் பாத்திரம், அம்மி, மிக்சி பயன்படுத்தக் கூடாது. தனி வாளி, தனி உரல் வையுங்கள்.
• கரைசலைக் குடிநீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் யாராவது குடித்துவிடுவார்கள்.
• கீரை, வெள்ளரி போலப் பச்சையாகவோ உடனேயோ சாப்பிடும் பயிருக்கு ஊமத்தை, அரளி சேர்ந்த கரைசலைத் தெளிக்க வேண்டாம். வேம்பு, நொச்சி போதும்.

யாராவது நச்சுச் செடியைத் தின்றுவிட்டால்

• உடனே 108-க்கு அழையுங்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.
• வாயில் மிச்சம் இருந்தால் விரலால் துடைத்து எடுத்து, தண்ணீரால் கொப்பளிக்கச் செய்யுங்கள்.
• உப்புக் கரைசல், புளிக்கரைசல், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது மூச்சுக் குழாயில் இறங்கி உயிருக்கு ஆபத்தாகும். பாலும் எண்ணெயும் மருந்தல்ல.
• மயங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.
• தின்ற செடியின் கிளை, காய், விதையை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்குத் தின்றார் என்பதையும் சொல்லுங்கள். சிகிச்சை செடிக்குச் செடி மாறும் என்பதால் மருத்துவருக்கு இது பெரிய உதவி.
• அரளி, மஞ்சள் அரளி என்றால் இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்கும் வசதி தேவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்வது நல்லது.

சித்த மருத்துவத்தில் இச்செடிகள் சில சுத்தி செய்து மருந்தாகின்றன. அது பயின்ற மருத்துவரின் வேலை. கேள்விப்பட்டதை வைத்து வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடன், பயிர் இழப்பு, குடும்பச் சண்டை காரணமாக மனம் உடைந்து ஒருவர் தெரிந்தே நஞ்சைத் தின்றிருக்கலாம். போலீஸ் வழக்கு வரும், ஊர் பேசும் என்று பயந்து மறைத்து, நேரத்தை வீணாக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. தண்டிப்பது அதன் நோக்கமல்ல. மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். மனச்சுமை தாங்க முடியாமல் இருப்பவர்கள் 104 என்ற எண்ணில் பேசலாம். பக்கத்து வீட்டுக்காரர் சில நாட்களாகச் சரியாக இல்லை என்று தெரிந்தால், போய் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கால்நடைகளுக்கு நஞ்சு ஏறினால்

• 1962 என்ற இலவச எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழையுங்கள். சோள நஞ்சுக்கு மாற்று மருந்து உண்டு, ஆனால் அது நிமிடக் கணக்கில் செலுத்தப்பட வேண்டும்.
• அந்தத் தீவனத்தை உடனே நிறுத்தி, மற்ற மாடுகளையும் அங்கிருந்து விலக்குங்கள்.
• தள்ளாடும் மாட்டுக்கு மூங்கில் குழாய் வைத்து எதையும் புகட்டாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும்.
• மேய்ந்த செடியை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

ஒரு மாலை நேரம் குழந்தைகளையும் அழைத்துக் கொண்டு வாசல், கொல்லை, வேலி, மாட்டுக் கொட்டகை, களத்துமேடு என்று ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொரு செடிக்கும் பெயர் சொல்லுங்கள். பெயர் தெரியாததைக் குறித்துக் கொண்டு, ஒரு கிளையை வேளாண்மை உதவி அலுவலரிடமோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ வாழவச்சனூர் வேளாண்மைக் கல்லூரியிலோ காட்டிக் கேளுங்கள். குழந்தைகள் விளையாடும் இடத்தில் காட்டாமணக்கு, மஞ்சள் அரளி, குன்றிமணிக் கொடி இருந்தால் அகற்றுங்கள். வரப்பில் ஊமத்தையும் பிரம்மதண்டும் இருந்தால் விதை விழும் முன் பிடுங்குங்கள். மணத்தக்காளி இருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள்.

குழந்தைக்குச் சொல்லித் தர வேண்டியது ஒன்றே: எந்த நிறமாக இருந்தாலும், பெரியவர்களிடம் பெயர் கேட்காமல் எந்தப் பழத்தையும் விதையையும் வாயில் வைக்கக் கூடாது.